காய்ச்சல் இல்லை, சீஆர்பி நோர்மல், ஆனா கால் வீங்குது: அம்மான்ர மருந்தும் ஐஎல் 6 உம்

முடக்கு வாதத்துக்குக் குடுக்கிற டொசிலிசுமாப் எண்ட மருந்து ஏறுற ஆள் ஒராள் உங்கட வீட்டில இருந்தா முதல் இதை வாசியுங்கோ, மிச்சத்தை ஆறுதலாப் பாக்கலாம். அந்த ஆளுக்குக் கிருமி தொத்தினாலும் உடம்பு காயாமல் இருக்கலாம், உடம்பில அழற்சி இருக்கோ எண்டு காட்டுற சீஆர்பி எண்ட இரத்த ரெஸ்ட்டின்ர ரிப்போர்ட் சுத்தமா நோர்மலா வரலாம். உந்த ரெண்டையும் நம்பி வீட்டில குந்திக்கொண்டு இருக்கக் கூடாது. ஏன் அப்பிடி எண்டு விளங்கோணுமெண்டா இன்ரர்லூக்கின் 6, சுருக்கமா ஐஎல் 6, எண்ட ஒரு சின்னப் புரதத்தைப் பற்றிக் கொஞ்சம் கதைக்கோணும். நான் டொக்டர் இல்லை, ஏஎல் பிள்ளையளுக்கு உயிரியல் படிப்பிக்கிற ரீச்சர், அம்மாவோட கிளினிக்குக்குப் போய் வாங்கில இருந்து கேட்டதையும் வீட்ட வந்து தேடி வாசிச்சதையும்தான் எழுதிறன், மருந்து விசயத்தில உங்கட டொக்டர் சொல்லுறதுதான் கடைசி.

அம்மாக்கு வந்தது முடக்கு வாதம், கிளினிக்கில றுமற்றொயிட் எண்டுதான் சொல்லுவினம். சின்னனில தொண்டை நோவுக்குப் பிறகு வந்து இருதயத்தைப் பிடிக்கிற வாதக்காய்ச்சல் வேற, வயசு போக முழங்கால் தேயிறது வேற, எங்கட சனம் மூண்டுக்கும் ஒரே எண்ணெயைத்தான் பூசும். முடக்கு வாதத்தில கிருமியோட சண்டை பிடிக்கவேண்டிய நிர்ப்பீடனத் தொகுதியே சொந்த மூட்டின்ர உள்சவ்வைப் போட்டு அடிக்குது. விடிய எழும்பினா அம்மாக்கு ரெண்டு கையும் விறைச்சுக் கிடக்கும், விரல் மடியாது, இடியப்ப உரலைப் பிடிச்சு அமத்தேலாது, ரீக் கோப்பையை ரெண்டு உள்ளங்கையாலயும் ஏந்தித்தான் குடிப்பா, வெயில் ஏறி பத்து மணி பத்தரை ஆகத்தான் கை கொஞ்சம் இளகும். விரல் துவங்கிற மூட்டும் நடு மூட்டும் ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி வீங்கி இருந்தது, நுனி மூட்டு சும்மா இருந்தது. முதல் நாள் டொக்டர் கேட்ட முதல் கேள்வி எங்க நோகுது எண்டதில்லை, விடிய எழும்பி எவ்வளவு நேரத்துக்கு விறைப்பு நிக்குது எண்டதுதான். தேய்மானத்தில அது கொஞ்ச நேரத்தில விட்டிடும், இதில ஒரு மணித்தியாலம் தாண்டியும் இழுக்கும். அதால கிளினிக் போக முதல் ஒரு கிழமைக்கு மணிக்கூட்டைப் பாத்து ஒரு கொப்பியில எழுதிக்கொண்டு போங்கோ, அங்க போய் நிண்டு கொஞ்ச நேரம் இருக்கும் டொக்டர் எண்டு இழுக்கிறதால ஒரு பிரயோசனமும் இல்லை.

விடியப்புறத்தில ஏன் கூட எண்டதுக்கும் விடை ஐஎல் 6 இலதான் கிடக்கு. இந்த வருத்தக்காரருக்கு இரத்தத்தில அதின்ர அளவு இரவு முழுக்க ஏறி விடியப்புறம் உச்சத்துக்குப் போகும், பகலில இறங்கும். அம்மா சொல்லுவா பனிக்குத்தான் கை விறைக்குது எண்டு, ஆனா வைகாசி வெக்கையிலயும் அதே விறைப்புத்தான்.

சரி, இது என்ன சாமான். 184 அமினோ அமிலம் கோத்த ஒரு புரதம். 1986 இல ஜப்பானில ஒசாகா பல்கலைக்கழகத்தில கிஷிமோட்டோ, ஹிரானோ எண்ட ரெண்டு பேரின்ர ஆக்கள் இதின்ர பரம்பரையலகைப் பிரிச்செடுத்தவை. அவை தேடினது பி கலங்கள் எண்ட வெண்குழியங்களைப் பிறபொருளெதிரி (அன்ரிபொடி) சுரக்கப் பண்ணுற பொருள் எது எண்டு. அதே நேரம் ஈரலைத் தூண்டுற பொருள் எது எண்டு வேற ஆக்கள் வேற பேரில தேடிக்கொண்டு இருந்தவை, கடைசியில பாத்தா அதுவும் இதே புரதம்தான். உதில எனக்கு ஒரு சந்தோசம், என்னெண்டா பாடப் புத்தகத்தில ஒரு பொருளுக்கு ஒரு தொழில் எண்டு பிள்ளையள் பாடமாக்குவினம், இது ஒண்டே ஈரல், என்பு மச்சை, மூளை, மூட்டு எல்லா இடத்திலயும் கைவைக்குது.

வேலை செய்யிற விதம் இப்பிடி. உடம்புக்குள்ள வந்த பற்றீரியாவை மக்ரோபேஜ் எண்ட, கிருமியை விழுங்கிற கலம் ஒண்டு கண்டா அது ஐஎல் 6 ஐச் சுரக்கும், அம்மான்ர விசயத்தில பற்றீரியா ஒண்டும் இல்லாமலே மூட்டுச் சவ்வுக் கலங்கள் டிஎன்எஃப் எண்ட இன்னொரு புரதம் உசுப்பேத்தினதில சுரந்து கொட்டுது. அந்த ஐஎல் 6 மற்றக் கலத்துக்குள்ள போறேல்லை, வெளியில நிண்டுதான் வேலை பாக்கும். கலத்தின்ர மேல இருக்கிற தனக்குரிய வாங்கியில, அதாவது செய்தியைப் பிடிக்கிற புரதத்தில, போய் ஒட்டும், ஆனா அந்த வாங்கிக்குத் தனிய உள்ளுக்குச் செய்தி அனுப்பிற வல்லமை கிடையாது, பக்கத்தில நிக்கிற ஜீபி 130 எண்ட புரதமும் வந்து சேரோணும், ரெண்டு ஐஎல் 6, ரெண்டு வாங்கி, ரெண்டு ஜீபி 130, ஆறும் சேர்ந்து ஒரு கூட்டாகும். கூட்டானதும் ஜீபி 130 இன்ர உள்ப்பக்கத்தில ஒட்டிக்கொண்டு இருக்கிற ஜக் எண்ட நொதியங்கள் ஒண்டையொண்டு உசுப்பிவிடும், அதுகள் அங்க பொஸ்பேற்றை ஒட்டும், பொஸ்பேற்று இருக்கிற இடத்தில ஸ்டாற் 3 எண்ட புரதம் வந்து குந்தும், அதுக்கும் ஒரு பொஸ்பேற்று ஒட்டுப்படும், பிறகு ரெண்டு ஸ்டாற் 3 சோடி சேர்ந்து கருவுக்குள்ள போய் டீஎன்ஏயைப் பிடிச்சு இன்ன இன்ன பரம்பரையலகு இனி வேலை செய்யட்டும் எண்டு திறந்துவிடும். எல்லாம் நிமிசக் கணக்கில முடிஞ்சிடும். அப்பிடித் திறக்கிறதுக்குள்ள சொக்ஸ் 3 எண்டு ஒண்டும் இருக்கு, அதின்ர தொழில் இதே ஜக் வழியைப் போய் அடைக்கிறது, அதால சுகமான உடம்பில ஒரு தடிமன் வந்தா எல்லாம் ஏறி கொஞ்ச நாளில தானாப் படுத்திடும். முடக்கு வாதத்தில ஒரு பக்கம் அடைக்க அடைக்க மறுபக்கம் ஐஎல் 6 வந்துகொண்டே இருக்கிறபடியால் அடங்கிறதில்லை.

இதில வகுப்பில நான் படிப்பிக்காத ஒரு புதினம் இருக்கு. ஐஎல் 6 இன்ர வாங்கி எல்லாக் கலத்திலயும் இல்லை, ஈரல் கலத்திலயும் சில வெண்குழியங்களிலயும்தான் வடிவா இருக்கு. ஜீபி 130 கிட்டத்தட்ட எல்லாக் கலத்திலயும் இருக்கு. அப்ப வாங்கி இல்லாத மூட்டுச் சவ்வுக் கலம் என்னண்டு செய்தி கேக்குது எண்டா, வெண்குழியங்களில இருந்து வெட்டுப்பட்டுக் கழண்ட வாங்கித் துண்டுகள் இரத்தத்திலயும் மூட்டு நீரிலயும் மிதந்து திரியுது, ஐஎல் 6 அதில ஒட்டி ரெண்டுமாப் போய் ஜீபி 130 மட்டும் இருக்கிற கலத்திலயும் பிடிச்சிடும். வெட்டுறதுக்கெண்டே மேற்பரப்பில ஒரு நொதியம் இருக்கு. முடக்கு வாத மூட்டு நீரில உந்த மிதக்கிற வாங்கி கூட, அதாலதான் சம்பந்தமில்லாத கலமெல்லாம் சண்டைக்கு வருது.

இப்ப ஒவ்வொரு கலமும் செய்தியைக் கேட்டு என்ன செய்யுது எண்டதை அம்மான்ர ரிப்போர்ட்டுகளோட வச்சுப் பாருங்கோ. பி கலம் கேட்டா பிறபொருளெதிரி சுரக்கிற கலமா மாறும், முடக்கு வாதத்துக்கெண்டு பாக்கிற அன்ரி சீசீபீ எண்ட பிறபொருளெதிரி ரெஸ்ட் அம்மாக்குப் பொசிற்றிவ் வந்தது அந்தக் கலங்களின்ர உற்பத்தி. ரி கலம் எண்ட மற்ற வெண்குழியம் தனிய டிஜிஎஃப் பீற்றா எண்ட புரதத்தைக் கேட்டா மற்றதுகளை அடக்கி வைக்கிற ரகமாப் போகும், ஐஎல் 6 உம் சேந்து கேட்டா ரிஎச் 17 எண்ட குழப்படி ரகமா மாறும். ஈரல் கேட்டா சீஆர்பியைக் கொட்டும். அதோட ஹெப்சிடின் எண்டும் ஒண்டை ஈரல் சுரக்கும், அது குடலில இருந்து இரும்பு உள்ளுக்கு வாறதையும் மக்ரோபேஜுக்குள்ள சேமிச்ச இரும்பு வெளிய வாறதையும் மறிச்சுப்போடும். அம்மா மாதக் கணக்கா இரும்புக் குளிசை போட்டவா, முருங்கையிலையும் வல்லாரையும் சாப்பிட்டவா, ஈமோகுளோபின் அசையேல்லை, பக்கத்து வீட்டு மாமி வந்து நீங்கள் இவாக்கு வடிவாச் சமைச்சுக் குடுக்கிறேல்லையோ எண்டு என்னைக் கேட்டிட்டுப் போனா. உடம்பில இரும்பு இருக்கு, வெளியில எடுக்கேலாமல் பூட்டிக் கிடக்கு, உதை மாமிக்கு நான் என்னெண்டு விளங்கப்படுத்துறது. வருத்தக்காரர் எப்ப பாத்தாலும் களைப்பு எண்டு சொல்லுறதைப் பஞ்சி எண்டு நினைக்காதேங்கோ.

பிறகு எலும்பு. எலும்பைக் கரைக்கிற கலங்களை உருவாக்கிறதிலயும் ஐஎல் 6 க்குக் கை இருக்கு, எக்ஸ்ரேயில மூட்டு ஓரத்தில எலி கடிச்ச மாதிரித் தெரியிற அரிப்பு அதுதான், அது ஒருக்கா விழுந்தாத் திரும்ப நிரம்பிறது குறைவு. அதால நோவைப் பொறுத்துக்கொள்ளலாம் எண்டு வருசக் கணக்கா எண்ணெய் பூசிக்கொண்டு இருக்கிற ஆக்களுக்கு ஒரு சொல், நோ போனாலும் அரிப்புப் போகாது, கெதியாக் காட்டுங்கோ.

முதல் மருந்து மெதொற்றெக்சேற். இது கிழமைக்கு ஒருக்காப் போடுற குளிசை. கிழமைக்கு ஒருக்கா. ஒவ்வொரு நாளும் போட்டா என்பு மச்சை அடைபட்டு உயிருக்கே ஆபத்து வரும், உலகம் முழுக்க இந்தப் பிழை நடந்திருக்கு. அம்மான்ர மற்றக் குளிசை எல்லாம் தகரப் பெட்டியில, இது மட்டும் சாமியறைத் தட்டில தனிய ஒரு போத்தலில, போத்தலில வியாழன் எண்டு பெரிசா மார்க்கரால எழுதி ஒட்டி இருக்கிறன். போலிக் அசிட் குளிசை டொக்டர் சொன்ன மற்ற நாளில. தனிய இருக்கிற வயசு போன ஆக்களெண்டா அந்தந்தக் கிழமைக்கு உரியதை மட்டும் குடுத்திட்டு மிச்சத்தை நீங்கள் வச்சிருங்கோ.

அதோட சேர்ந்து வாற ஒரு தலையிடி என்னண்டா நிர்ப்பீடனத்தைக் கூட்டுற சாமான் எண்டு ஆளாளுக்குக் கொண்டு வந்து குடுக்கிறது. கொரோனாவோட துவங்கின பழக்கம். முடக்கு வாதம் நிர்ப்பீடனம் குறைஞ்சு வாற வருத்தமில்லை, அது இடம் தெரியாமல் கூத்தாடுறதால வாறது, அதைக் கூட்டி என்ன செய்யப் போறியள். மஞ்சள், இஞ்சி, கொத்தமல்லி சமையலில போடுற அளவில ஒரு பிரச்சினையும் இல்லை. சீந்தில் கொடிச் சாறு குடிச்சு ஈரல் பாதிச்ச ஆக்களைப் பற்றி 2021 இல மும்பை டொக்டர்மார் எழுதி இருக்கினம். மெதொற்றெக்சேற்றும் டொசிலிசுமாப்பும் ரெண்டும் ஈரலைப் பாத்துக்கொண்டு குடுக்கவேண்டிய மருந்துகள், அதுக்கு மேல இன்னொண்டை ஏத்தாதேங்கோ. அம்மாவிட்ட ஒரு உறவுக்காரர் கொண்டு வந்த போத்தலை நான் அவர் போனபிறகு எடுத்து வச்சிட்டன், எங்க வச்சனான் எண்டு அவா இன்னும் கேக்கிறேல்லை.

மெதொற்றெக்சேற் தனியக் காணாமல் போக டொக்டர் டொசிலிசுமாப் ஏத்தலாம் எண்டவர். இதுவும் ஒரு பிறபொருளெதிரிதான், ஆய்வுகூடத்தில செய்தது, ஐஎல் 6 இன்ர வாங்கியில போய் முந்தி ஒட்டிக்கொள்ளும், கலத்தில இருக்கிற வாங்கியிலயும் ஒட்டும், மிதந்து திரியிற வாங்கியிலயும் ஒட்டும், பிறகு ஐஎல் 6 வந்தா இடமில்லை. கிஷிமோட்டோ ஆக்களின்ர ஆராய்ச்சியில இருந்துதான் இந்த மருந்தும் வந்தது, ஜப்பானில 2008 இல முடக்கு வாதத்துக்கு அனுமதி குடுத்தவை, அமெரிக்காவில 2010. கொரோனா நேரம் இதின்ர பேர் அடிபட்டது ஞாபகம் இருக்கும், கடுமையா விழுந்த நோயாளியளுக்கு இதைக் குடுத்துப் பாத்த பிரிட்டன்காரரின்ர றிக்கவறி எண்ட பெரிய பரிசோதனையில 28 நாளுக்குள்ள செத்த ஆக்களின்ர வீதம் 35 இல இருந்து 31 ஆக் குறைஞ்சது எண்டு 2021 இல வெளியிட்டவை.

ஏத்த முதல் காசநோய் ஒளிச்சுக் கிடக்குதோ எண்டு பாக்கோணும், ஹெப்பற்றைற்றிஸ் பீயும் பாப்பினம், நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுப்பினம். காசநோய்க்கு முன்னங்கையில தோலுக்குள்ள ஒரு சின்ன ஊசி போடுவினம், மன்ரோ ரெஸ்ட். 48 இல இருந்து 72 மணித்தியாலத்துக்குள்ள திரும்பப் போய்க் காட்டோணும், அதால சனி ஞாயிறு இடையில விழாத மாதிரி நாளைப் பாத்துப் போடச் சொல்லிக் கேளுங்கோ. சிவப்பை அளக்கிறேல்லை, தடவிப் பாத்துத் தடிப்பைத்தான் அளப்பினம், நிர்ப்பீடனத்தை அடக்கிற மருந்தில நிக்கிற ஆளுக்கு 5 மில்லிமீற்றரே பொசிற்றிவ் கணக்கு. நான் இதைப் பாத்துக்கொண்டு நிக்கேக்க யோசிச்சது, இவ்வளவு நேரமும் நான் எழுதின கதை முழுக்க அந்தத் தடிப்புக்குள்ள கண்ணுக்குத் தெரியுது எண்டு. காசநோய்க் கிருமியை முந்திக் கண்ட ரி கலங்கள் ஊசி போட்ட இடத்துக்கு வந்து இன்ரபெரோன் காமா எண்ட புரதத்தைச் சுரந்து மக்ரோபேஜுகளைக் கூப்பிட்டு உசுப்பிவிட, அதுகள் வந்து குவிஞ்சதுதான் கையில கட்டியா முட்டுது, அதுக்குத்தான் ரெண்டு நாள் எடுக்குது. எங்கட இலங்கையில பிறந்த உடன காசநோய்க்கான பீசீஜீ தடுப்பூசி போடுறபடியால் கிருமி இல்லாமலும் கொஞ்சம் தடிக்கலாம், இரத்தத்தில இன்ரபெரோன் காமாவை அளக்கிற ரெஸ்ட்டில அந்தக் குழப்பம் இல்லை, ஆனா அது காசு கூட. எதைச் செய்யிறது எண்டு டொக்டர்தான் சொல்லுவார்.

மருந்து மாதத்துக்கு ஒருக்கா சேலைனோட சேர்த்து ஒரு மணித்தியாலத்தில ஏறும். ஆஸ்பத்திரியில இல்லாத மாதம் வெளியில வாங்கோணும், ஒருக்கா கொழும்பில வாங்கி இரவு பஸ்ஸில கொண்டு வந்தனாங்கள். 2 இல இருந்து 8 பாகை செல்சியசில இருக்கோணும், உறையவும் கூடாது. சனம் விடுற தவறு வெக்கைக்குப் பயந்து ஐஸுக்குள்ள புதைக்கிறது. மருந்தே ஒரு புரதம், உறைஞ்சு இளகினா அதின்ர மடிப்புக் குலைஞ்சிடும், பாக்கிறதுக்குத் தெளிஞ்ச தண்ணி மாதிரியே இருக்கும், வேலை செய்யாது. ஐஸ் பக்கெற்றைத் துவாயால சுத்தி, மருந்துப் பெட்டி நேர ஐஸில முட்டாமல் நடுவில மட்டை வச்சு, பெட்டியைக் காலுக்குக் கீழ வைக்காமல் மடியில வச்சிருந்தன், பஸ்ஸில எஞ்சின் பக்கத்து நிலம் கொதிக்கும்.

ஏறத் துவங்கி ரெண்டாம் கிழமையே சீஆர்பி 1 க்குக் கீழ வந்திட்டுது. கனடாவில இருக்கிற அண்ணா ரிப்போர்ட்டைப் பாத்திட்டு வருத்தம் மாறீட்டுது எண்டு அழுதே போட்டார். கை விறைப்புக் குறைய இன்னும் கன நாள் எடுத்தது. டொக்டர் சீஆர்பி பேப்பரை மடிச்சுக் கொப்பிக்குள்ள வச்சிட்டு அம்மான்ர ரெண்டு கையையும் பிடிச்சு ஒவ்வொரு மூட்டா அமத்தி அமத்திப் பாத்தார், தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல், முழங்கால், மொத்தம் 28 மூட்டு, எது நோகுது எது வீங்கி இருக்கு எண்டு எண்ணி எழுதினார். ஏனெண்டு கேக்க, சீஆர்பி வாறது ஈரலுக்கு ஐஎல் 6 சொல்லித்தான், இப்ப ஈரலுக்குக் காதை அடைச்சாச்சு, மூட்டுக்குள்ள சண்டை நடந்தாலும் சீஆர்பி ஏறாது, இனி இவான்ர கைதான் எனக்கு ரிப்போர்ட் எண்டவர். அண்ணா விடேல்லை, அப்ப ஐஎல் 6 ஐயே அளந்து பாருங்கோ எண்டு காசு அனுப்பவும் ரெடி. அதுவும் சரிவராது. வாங்கியில ஒட்டி உள்ளுக்குப் போய்த்தான் ஐஎல் 6 இரத்தத்தில இருந்து கழியிறது, வாங்கியை மருந்து அடைச்சால் கழிய வழியில்லை, அதால மருந்து நல்லா வேலை செய்யேக்க இரத்தத்தில ஐஎல் 6 கூடித்தான் காட்டும். அந்த ரிப்போர்ட்டைப் பாத்துப் பயந்துபோய் மருந்தை நிப்பாட்டின ஆக்களும் இருக்கக்கூடும். அண்ணா காசை அம்மாக்கு நல்ல செருப்பு வாங்க அனுப்பினார்.

ஈமோகுளோபின் மெல்ல மெல்ல ஏறினது, அதே இரும்புக் குளிசை, அதே முருங்கையிலை.

இனி மாரி துவங்கேக்க நடந்தது. பின்வளவு வேலியில கிடந்த கருக்குமட்டையை இழுத்துப் போடேக்க அம்மான்ர கணுக்காலுக்கு மேல கருக்குக் கீறினது. பெரிய காயமில்லை, மஞ்சள் வச்சுக் கட்டிப்போட்டு எனக்குச் சொல்லேல்லை. நான் கண்டது அவா நொண்டுறதை. பாத்தா கெண்டைக்காலின்ர கீழ்ப்பாதி வீங்கி, தோல் மினுங்கி, காயத்தைச் சுத்தி இளஞ்சிவப்பு, அதுவும் பெரிசாச் சிவக்கேல்லை, தொட்டா மற்றக் காலை விடச் சூடு. அமத்தினா அம்மா கத்தினவா. தேமோமீற்றரில காய்ச்சல் இல்லை. கிட்ட இருந்த ஒரு தனியார் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போக, அங்க இரத்தம் எடுத்து, சீஆர்பி 1 க்குக் கீழ, வெண்குழியமும் நோர்மல், கிருமி ஒண்டும் இல்லை அம்மா, பழைய வாத வீக்கம்தான், நோக் குளிசை போட்டுக் காலை உயத்தி வைச்சிருங்கோ எண்டு அனுப்பப் பாத்தினம்.

கோயில்ல மணிக்கயித்தை அவிட்டு வச்சிட்டு, மணி கேக்கேல்லை எண்டபடியால் இண்டைக்குப் பூசை இல்லை எண்டு சொல்லுறதுபோலதான் இது. காய்ச்சலும் அப்பிடித்தான், மூளைக்கு உடம்பைக் காய வை எண்டு சொல்லுற புரதங்களில ஐஎல் 6 முக்கியமான ஒண்டு. வெண்குழியத்தில நியூற்றபில் எண்ட வகையையும் இந்த மருந்து இறக்கும், அப்ப கிருமிக்கு ஏறி வந்த எண்ணிக்கையும் நோர்மல் கணக்குக்குள்ள நிக்கலாம். அவை நேர்மையான ஆக்கள்தான், பிரச்சினை அவைக்கு முன்னால இருந்த பேப்பர். நான் கிளினிக் கொப்பியை விரிச்சு மருந்தின்ர பேரையும் கடைசியா ஏறின திகதியையும் காட்டி, இது ஐஎல் 6 ஐ அடைக்கிற மருந்து, சீஆர்பி ஏறாது, ஒருக்காக் காலைப் பாத்து முடிவெடுங்கோ எண்டு கேட்டனான். அந்த இளம் டொக்டர் கொப்பியை வாசிச்சார், போனை எடுத்துத் தேடி வாசிச்சார், பிறகு ஒண்டும் கதைக்காமல் பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தந்தார்.

அங்க வாட்டில மறிச்சினம். வாட்டு டொக்டர் செய்த முதல் வேலை, நீலப் பேனையால சிவப்பின்ர ஓரத்தைச் சுத்திக் காலில ஒரு கோடு கீறி, பக்கத்தில நேரத்தையும் எழுதினது. விடியப் பாக்கச் சிவப்புக் கோட்டைத் தாண்டி முழங்கால் பக்கமா ரெண்டு விரல் அகலம் போயிருந்தது, காய்ச்சல் அப்பவும் இல்லை. தோலுக்குக் கீழ பரவிற கிருமி. ஊசி மருந்து ஏறி, சிவப்புக் கோட்டுக்குள்ள திரும்பி வரத் துவங்க அம்மா வாட்டில எல்லாருக்கும் காலைக் காட்டிக் கணக்குச் சொல்லிக்கொண்டு இருந்தவா. அந்த மாதம் டொசிலிசுமாப் ஏத்தேல்லை, கிருமி முழுக்க மாறினபிறகுதான். உந்தக் கோடு கீறுற வேலையை நீங்கள் வீட்டிலயே செய்யலாம், ஒரு பேனையும் மணிக்கூடும் காணும், ரெஸ்ட் பொய் சொல்லுற இடத்தில அது பொய் சொல்லாது. ஆனா கீறிப்போட்டு வீட்டில இருந்து பாத்துக்கொண்டு இருக்கிறதுக்கில்லை, டொக்டரிட்டப் போகேக்க காட்டுறதுக்கு.

அதுக்குப் பிறகு நாங்கள் வீட்டில வச்சிருக்கிற முறையைச் சொல்லுறன். அம்மான்ர கைப்பையில தபாலட்டை அளவில ஒரு மட்டை, மருந்தின்ர பேர், கடைசியா ஏறின திகதி, காய்ச்சலும் சீஆர்பியும் ஏறாமல் கிருமி இருக்கலாம் எண்ட ஒரு வரி, தமிழிலயும் இங்கிலிசிலயும் டொக்டரிட்டக் குடுத்துச் சரிபாத்தது. தேமோமீற்றரை விட்டிட்டு வேற அறிகுறிகளைப் பாக்கிறம், சாப்பாடு திடீரெண்டு வேண்டாமெண்டுறது, மூச்சு வாங்கிறது, ஒரு இடத்தில மட்டும் புதுசா நோகிறது, வழக்கத்தில இல்லாத நித்திரை, கதை தடுமாறுறது. வயித்து நோவை இந்த மருந்தில வாயுக் குத்து எண்டு விடக்கூடாது, குடல் ஓட்டை விழுற ஆபத்து கொஞ்சப் பேருக்கு இருக்கு, பிரெட்னிசலோன் எண்ட ஸ்ரீரொயிட் குளிசையும் சேர்ந்து போடுற ஆக்களுக்கு இன்னும் கூட. 2024 டிசம்பரில இஞ்ச யாழ்ப்பாணத்தில எலிக்காய்ச்சல் பரவினது தெரியும், வயல் வெள்ளத்தில கால் வைக்கிற ஆக்களெண்டா முன்கூட்டியே கேட்டு வையுங்கோ, டெங்குக் காலத்திலயும் காய்ச்சல் வரட்டும் பாப்பம் எண்டு காத்திருக்கேலாது. பல்லுப் பிடுங்க, கண் ஒப்பரேசன் செய்யப் போறதெண்டா முதலே சொல்லுங்கோ. உயிருள்ள கிருமியில செய்த தடுப்பூசி போடக்கூடாது, ஃபுளூ ஊசி மாதிரி செத்த கிருமியில செய்தது போடலாம், இதையும் கேட்டுப் போட்டுத்தான். ஈரல் ரெஸ்ட், வெண்குழிய எண்ணிக்கை, கொலஸ்ரோல் மூண்டும் சொன்ன நாளில எடுங்கோ, இந்த மருந்தில கொலஸ்ரோல் ஏறும், அம்மா முட்டையை விட்டதால ஒண்டும் இறங்கேல்லை. பிரெட்னிசலோனைக் கை நல்லா இருக்கெண்டு நீங்களா ஒரேயடியா நிப்பாட்டாதேங்கோ.

வேற மருந்தில நிக்கிற ஆக்கள் இதை வாசிச்சிட்டு எங்களுக்கும் இப்பிடியோ எண்டு கேப்பியள். அடலிமுமாப், இன்ஃபிளிக்சிமாப் போடுற ஆக்களுக்கு அடைபடுறது டிஎன்எஃப், ஐஎல் 6 வழி திறந்துதான் கிடக்கு, அதால கிருமி வந்தா சீஆர்பி ஏறக்கூடிய வழி இருக்கு, ஆனா காசநோய் ஒளிச்சிருந்தா வெளிக்கிடுற ஆபத்து அதில கூட, ஏனெண்டா காசநோய்க் கிருமியைச் சுத்திக் கட்டி வச்சிருக்கிற கலக் கூட்டம் கலையாமல் நிக்கிறதுக்கு டிஎன்எஃப் வேணும். தோஃபாசிற்றினிப் குளிசை போடுற ஆக்களுக்கு அடைபடுறது நான் மேல சொன்ன அந்த ஜக், கலத்துக்கு உள்ளுக்க, அதால அவைக்கும் சீஆர்பி இறங்கும், அதோட அக்கி வாற வாய்ப்புக் கூட, உடம்பின்ர ஒரு பக்கத்தில மட்டும் எரிவோட கொப்புளம் போட்டா அண்டைக்கே காட்டோணும். உங்கட துண்டில இருக்கிற பேரைப் பாத்து, இது எந்தப் புரதத்தை அடைக்குது, அதால எந்த ரெஸ்ட்டை இனி நம்பேலாது எண்டு அடுத்த கிளினிக்கில கேளுங்கோ. வரிசை நீளமா இருக்கும், டொக்டருக்கு நேரம் இருக்காது, அதால கேள்வியைக் கொப்பியின்ர முதல் பக்கத்தில எழுதிக்கொண்டு போங்கோ, எழுதி இருந்தா அவரும் பக்கத்திலயே பதிலை எழுதித் தருவார்.